ஒன்பது பேர் ஏறிய பிறகு அளந்த சக்கரம்

பதிவுச் சான்றிதழில் கண்ட விவரம் மாறும்படி ஒரு மோட்டார் வண்டியில் எந்த மாற்றம் செய்வதானாலும், அதன் உரிமையாளர் பதிவு அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். அந்தக் காலத்துச் சட்டம் அப்படித்தான் சொன்னது. பதில் போடும் பழக்கம் தனக்கு இல்லை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு எழுதிவைத்த இடங்கள் குறைவு. அதனால் அந்தப் பிரிவின் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுபவர். சொந்த அம்பாசிடர். வாய் மட்டும் லாரி அளவுக்கு. ஸ்டாண்டில் அவர் சிரித்தால் ரதவீதி வரைக்கும் கேட்கும்.

அவருக்குக் கடையநல்லூரில் ஒரு நிரந்தர வாடிக்கை இருந்தது. துபாயில் கார் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த பையன், முப்பது வயதிருக்கும். விடுமுறைக்கு வரும்போது திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதும், போகும்போது கொண்டுவிடுவதும் நம்மவர்தான். ஒருமுறை அந்தப் பையனின் தகப்பனாருக்கு நெஞ்சு வலி வந்து, நம்மவர் நெல்லைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, பையன் வரும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டார். அதிலிருந்து அவர்கள் உறவு வாடகைக் கணக்கைத் தாண்டிவிட்டது.

அந்த நன்றிக்காக அவன் கொண்டுவந்ததுதான் நாலு அலுமினிய ரிம், அகலமான டயரோடு. இரண்டைத் தன்னோடும் இரண்டை ஊர்க்காரர்கள் மூலமுமாகக் கொண்டுவந்து சேர்த்தான். சுங்கத்தில் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. சில நடைமுறைகளை அறிந்தவன் சில கேள்விகளைக் கேட்கமாட்டான்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதல்ல அது. முந்தைய விடுமுறையிலேயே வண்டிக்கு அடியில் படுத்து, நூல் பிடித்து எல்லாவற்றையும் அளந்துகொண்டு போயிருந்தான். அவன் எனக்கு விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. ரிம்மில் அகலம் மட்டும் பார்த்தால் போதாதாம். ரிம்மை அச்சு முனையிலுள்ள ஹப்பில் வைத்து முடுக்கும் தட்டு, அந்த அகலத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பெயர் ஆப்செட். தட்டு வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கும். உட்பக்கம் தள்ளியிருந்தால் சக்கரம் வெளியே பிதுங்கும். ரொம்ப ஒடுங்கினால் உள்ளே பாரம் தாங்கும் வில்பட்டையில் இடிக்கும். ரொம்பப் பிதுங்கினால் மட்கார்டில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி கிடைக்கிற மாதிரி அவன் தேடிப் பிடித்திருந்தான். ஐந்து போல்ட் துளைகளும் அம்பாசிடருக்கு அப்படியே பொருந்தின. மாட்டி நிறுத்தியபோது, சாதுவான அந்த வண்டி சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

விண்ணப்பம் எழுதியது நான். பதிவுத் தபாலில் போனது, ஒப்புகை அட்டை வந்தது, ஏழு நாள் கழிந்தது, பதில் வரவில்லை. சட்டப்படி அனுமதி கிடைத்தாயிற்று.

பையன் திரும்பிப் போகும் நாள் வந்தது. மறுநாள் காலை விமானம். அதை விட்டால் விசா காலாவதி, வேலையும் போய்விடும். தான் கொடுத்த சக்கரத்தில் தானே முதல் நெடும்பயணம் போக வேண்டும் என்பது அவன் ஆசை. செக்போஸ்டில் யாராவது கேட்டால் பதில் சொல்ல என்னையும் வரச் சொன்னார் டாக்சிக்காரர். நான் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, விண்ணப்ப நகலும் ஒப்புகை அட்டையுமாக ஏறி உட்கார்ந்தேன். கழற்றிய பழைய சக்கரங்கள் நாலையும் மேலே கேரியரில் சாக்குப் போட்டுக் கட்டியிருந்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"அதுகளும் நாலு ஊரைப் பாக்கட்டும் சார்வாள்" என்றார்.

புளியங்குடி வழியாகக் கடையநல்லூர் போய்ச் சேரும்வரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டே பேர்தானே.

அம்பாசிடரில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கும் ஒரு விதி உண்டு. கடையநல்லூரில் அதை யாரும் கேள்விப்பட்டதில்லை. வெளிநாடு போகிறவனை வழியனுப்ப உம்மா, வாப்பா, பெண்டாட்டி, மாமா, மாமி, தங்கச்சி என்று ஒரு குடும்பமே கிளம்பும். எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். பெட்டிகள், முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி எல்லாம் தனி.

எல்லாரும் ஏறியதும் டாக்சிக்காரர் வண்டியை எடுக்கவில்லை. இறங்கிப்போய், "ஏட்டி, பவுடர் டப்பா இருந்தா ஒண்ணு எடுத்துட்டு வா" என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்டார்.

"அண்ணாச்சி ஏரோப்ளேன்ல ஏறப் போறாவ போல" என்றார் மாமா. வண்டி முழுக்கச் சிரிப்பு.

அவர் பின்சக்கர டயரின் மேல்விளிம்பைச் சுற்றித் துபாய் பவுடரைத் தடவினார். வண்டியை மெதுவாகப் பத்தடி ஓட்டினார். தெருவில் ஒரு பள்ளம் இருந்தது. அதில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினார். 'சர்க்' என்றொரு சத்தம். இறங்கிப் பார்த்தோம். மட்கார்டின் உள்மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு. பையன் முன்பு அளந்தபோது காலி வண்டி. இப்போது பாரத்தில் பின்பக்கம் அமிழ்ந்து, மட்கார்டு டயரின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"மக்கா, இது மலை தாங்காது" என்றார் டாக்சிக்காரர். இப்போது குரல் தாழ்ந்திருந்தது. "ஆரியங்காவு வளைவுல தகடு டயரை அறுத்துரும்."

"முன்னால புதுசு, பின்னால பழசு போட்டா என்ன?" என்றார் மாமா.

"ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல செருப்பா? உம்ம மருமவன அப்படி அனுப்புவீரா வே?"

பையன் நிமிர்ந்தான். மேலே கேரியரைப் பார்த்தான். சாக்குக்கு வெளியே பழைய டயர் ஒன்று எட்டிப்பார்த்தது. "அப்ப, மொதல்லயே தெரிஞ்சுதான் கட்டிக் கொண்டாந்திருக்கீய?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சங்கடத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. "தெரியாது மக்கா. சந்தேகம்தான். பொய்யாப் போயிருமுன்னு நெனச்சேன்." பிறகு அவசரமாக, "ஒண்ணு செய்வோம். சுத்தியல் இருக்கு. மடிப்பை அடிச்சு உள்ள தள்ளிருதேன். உன் சக்கரத்துலயே போவோம்" என்றார்.

குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அந்த வண்டியைக் கழுவுகிற மனிதர் அவர். அதன் தகட்டைத் தன் கையாலேயே நசுக்கத் தயாராக நின்றார்.

"இல்லாட்டி நாலு பேரு இறங்கிக்கட்டும்" என்றார் மாமா. அவர் இறங்குவதாகத் தெரியவில்லை.

பின்சீட்டு ஓரத்தில் இருந்த உம்மா மகனைப் பார்த்தபடி கதவில் கைவைத்தாள். "நான் இறங்கிக்கிடுதேன் வாப்பா. நீ நல்லபடியாப் போய்ட்டு வா."

பையன் அந்தக் கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். "யாரும் இறங்கப்படாது. அப்படியே இருங்க. அசையாதீய."

பயணத்துக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்தான். கையில் அளவு நாடாவும் நூலும். உள்ளே வில்பட்டைக்கு எவ்வளவு, வெளியே மட்கார்டுக்கு எவ்வளவு என்று நாலு சக்கரத்திலும் அளந்து, சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டான். அவன் ஒருவனைத் தவிர வேறு பாரம் குறையக்கூடாது என்பதற்காக நானும் டாக்சிக்காரரும்கூட உள்ளே உட்கார வேண்டியிருந்தது. டாக்சிக்காரர் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் அளக்கிறான் என்று நான் நினைத்தேன். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டான். எல்லாரையும் இறக்கி, ஜாக்கி வைத்து, தன் கையாலேயே நாலு ரிம்மையும் கழற்றிப் பழைய சக்கரங்களை மாட்டினான். நம்மவர் ஸ்பானரைப் பிடுங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை.

அங்கிருந்து திருவனந்தபுரம் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மலைப்பாதையில் வண்டி நிதானமாக, ஒரு முனகலும் இல்லாமல் இறங்கியது. விமான நிலைய வாசலில் எல்லாரையும் அணைத்துக்கொண்டான். டாக்சிக்காரரின் கையைப் பிடித்தான், விட்டான், உள்ளே போய்விட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அந்தச் சிரிப்புச் சத்தம் குறைந்துபோனது. புதுச் சக்கரங்கள் நாலும் கோணியில் சுற்றி அவர் வீட்டுக்குள் இருந்தன. ராஜபாளையத்திலிருந்து ஒருவர் வந்து நல்ல விலைக்குக் கேட்டார். "அது ஒருத்தன் மனசு. விலை சொல்ல எனக்குத் தெரியாது" என்று அனுப்பிவிட்டார். ஒரு நாள் என்னிடம் வந்து கடிதம் எழுதச் சொன்னார். வழக்கம்போல நான் நீட்டி முழக்கி ஆரம்பித்ததும் தடுத்தார். "அதெல்லாம் வேண்டாம் சார்வாள். 'கோவமா மக்கா?'ன்னு மட்டும் எழுதுங்க." அதை மட்டும் எழுதினேன். நான் எழுதிய மனுக்களிலேயே சிறியது அதுதான்.

வாரங்கள் போயின. தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் அவர் வாசலுக்கு வந்துவிடுவார். என் விண்ணப்பத்துக்குப் பதில் வராதது எனக்குப் பழகிய சங்கதி. அவருக்கு அந்தப் பயிற்சி இல்லை.

கடைசியில் பதில் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கோபம் இல்லை என்று எழுதியிருந்தான். மலை ஏறும்வரை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான்; இறங்கும்போது திரும்பிப் பார்த்திருக்கிறான்; உம்மா பயமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்; அதைப் பார்த்த பிறகு தனக்குப் பேச்சு வரவில்லை என்று எழுதியிருந்தான். கீழே புதுக் கணக்கு. முன்னதைவிட இரண்டு அங்குலம் ஒடுக்கமான ரிம். வில்பட்டையிலும் இடிக்காமல், அமிழ்ந்தாலும் மட்கார்டில் உரசாத இடத்தில் தட்டு. தேடிப் பிடித்துவிட்டானாம், ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறானாம். "ஒரு ஆளைக்கூட இறக்க வேண்டாம் அண்ணாச்சி" என்று முடித்திருந்தான்.

அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு அவர் சிரித்த சிரிப்பு ரதவீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

பிரியத்தோடு கொண்டுவந்ததை இது பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவரும், அதைக் கேட்டுவிட்டுக் கோபிக்காமல் திரும்ப அளக்க ஒருவனும் ஒரே வண்டியில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் வந்துபோன எத்தனையோ உத்தரவுகளின் தேதி மறந்துவிட்டது, அந்தக் கடிதம் வந்த நாள் மட்டும் மறக்கவில்லை: எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள்.