தரகரம்மாவும் ஆறு கிணறுகளும்

என் வீட்டுக்காரரோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அதில் கடைக்குட்டி என் சின்ன நாத்தனார். எண்ணெய் எடுக்கிற கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தரகரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

காரணம் இருக்கிறது. எண்ணெய் கிடப்பது பூமிக்கு அடியில், மைல் கணக்கான ஆழத்தில். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. அதனால் புதிதாக ஒரு எண்ணெய் வயல் அகப்பட்டால், இதே ஜாடையில் வேறு எங்காவது ஏற்கெனவே எண்ணெய் எடுத்திருக்கிறார்களா என்று தேடுவார்கள். அங்கே எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று தெரிந்துகொண்டு இங்கே இறங்கலாம் அல்லவா? அந்த ஜாடை தேடுகிற வேலைதான் இவளுடையது. பாறையின் வயது, ஆழம், எண்ணெயின் கெட்டி, அடியில் நிற்கும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இன்ன வயலுக்கு இன்ன வயல் பொருத்தம் என்று எழுதிக் கொடுப்பாள். பேர் ஒட்டிக்கொண்டது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். இதெல்லாம் எங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் எனக்குச் சொன்னது.

ஒரு தடவை புது வயல் ஒன்றில் ஆறு கிணறு தோண்டத் திட்டம் போட்டார்கள். இவள் பக்கத்து வயலைப் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு விஷயம் பார்த்து, பன்னிரண்டும் ஒத்துப்போனது. பக்கத்து வயலில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் பல வருடமாக எடுக்கிறார்கள். இங்கேயும் அப்படியே செய்வது என்று பெரிய எஞ்சினியர் முடிவு செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வேறு வேலையாகக் கல் வைத்திருக்கிற கொட்டகைக்குப் போயிருக்கிறாள். முதலில் சோதனைக்கு ஒரு கிணறு தோண்டும்போது வெட்டி எடுத்த கல்லை, கை மொத்தத்தில் உருளை உருளையாகப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். இந்த வயலின் கல்லை அவள் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். நேரில் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டாள்.

கொட்டகைக்காரர் ஓடி வந்தார். "என்னம்மா, கல்லைக் குளிப்பாட்டுறீங்க? தலை துவட்டத் துண்டு கொண்டு வரட்டா?"

"கொண்டு வாங்க அண்ணே, நிஜமாவே வேணும்."

துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். கல்லின் மேல்பரப்பு காய்ந்தது. ஆனால் மயிரிழை மாதிரி கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாகக் காயாமல் நின்றன. எல்லாம் விரிசல். விரிசலுக்குள் போன தண்ணீர் சீக்கிரம் காயாது. குழாயை முழுசாகத் திறந்து இழுத்தால், அடியில் இருக்கிற தண்ணீர் கிணற்றுக்கு ஏறி வர அந்த வழி போதும். பக்கத்து வயலின் கல்லையும் நனைத்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை.

இந்த விரிசல் உள்ள வயல் வேறு எது என்று அலமாரியைக் குடைந்தாள். கிடைக்கவில்லை. அங்கே இருந்ததெல்லாம் நன்றாக ஓடின வயல்களின் அறிக்கை. கெட்டுப்போனதை யார் அட்டை போட்டு வைப்பார்கள்? விடாமல் விசாரித்து, கடல் தாண்டி ஓய்வில் இருந்த ஒரு பெரியவரைப் பிடித்தாள். அவர் போனில் சொன்னாராம்:

"எங்க வயலும் இதே கல்லுதாம்மா. முழுசாத் திறந்தோம். ஆகா ஓகோன்னு வந்துச்சு. பதினோராவது மாசம் தண்ணி ஏறிடுச்சு. அப்புறம் குழாயை இறுக்கி என்ன பண்றது, வந்த தண்ணி இறங்கவே இல்ல."

அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னடி, தட்டோட சண்டையா?"

"நான் கொடுத்த பொருத்தமே தப்பு அண்ணி. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொன்னா இனிமே என் பேச்சை எவன் நம்புவான்?"

"சொல்லாட்டி?"

"ஆறு கிணறும் தண்ணியாப் போயிடும்."

"அப்ப எதுக்குச் சோத்தைப் போட்டு வதைக்கிற? சாப்பிட்டுட்டுப் போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னாள். எஞ்சினியர் அவள் எழுதிய தாளையே எடுத்து மேஜையில் வைத்தார். "போன மாசம் நீங்கதானே ரெண்டு வயலும் அக்கா தங்கச்சின்னீங்க?"

"ஆமா சார், தப்பாச் சொல்லிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டேன். குணம் வேற."

யாரோ சிரித்தார்கள். "தரகரம்மா, கல்யாணப் பத்திரிகை அடிச்சப்புறம் மாப்பிள்ளையை மாத்துறீங்களே!"

"தாலி இன்னும் ஏறலியே சார்," என்றாளாம் இவள். "ஆறு கிணத்தையும் தண்ணிக்கு நல்லா மேலேயே நிறுத்துங்க. குழாயைக் கால் பங்கு மட்டும் திறங்க. கொஞ்சமாத்தான் வரும். ஆனா ரொம்ப நாள் வரும்."

எஞ்சினியர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தை இவள் சொன்னபடி விட்டார். மூன்றாம் கிணற்றை மட்டும் பழைய திட்டப்படி முழுசாகத் திறந்தார். எட்டு மாதம் அதுதான் ராஜா மாதிரி கொட்டியது. இவள் வராந்தாவில் நடந்தாலே, "என்னம்மா, உங்க அஞ்சும் இன்னும் சொட்டிக்கிட்டுத்தான் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் தினமும் மூன்றாம் கிணற்று எண்ணெயில் தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்வாள். ஒன்பதாவது மாதம் தண்ணீர் தலை காட்டியது. வருடம் திரும்புவதற்குள் அந்தக் கிணற்றை மூடிவிட்டார்கள். மற்ற ஐந்தும் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாம் கிணற்றை மூடின அன்றைக்கு எஞ்சினியரே அவள் மேஜைக்கு வந்து, "நீங்க சொன்னதுதான் சரி" என்றாராம். எங்கள் குடும்பத்தில் வேறு யாராவதாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். இவள் எங்கள் சமையலறைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு கிணத்தைக் காப்பாத்தியிருக்க, சிரிச்சாத்தான் என்னடி?" என்றேன்.

"முதல் தாள் எழுதறதுக்கு முன்னாடியே கல்லை நனைச்சிருந்தா ஆறும் இருந்திருக்கும் அண்ணி. மூணாவது போனது என்னாலதான்."

அவள் அப்படித்தான். நான் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.