சின்ன எழுத்தில் இரண்டு பேர்

பாடன் என்ற வெளிநாட்டு நகரத்தில் அப்பா ஒரு நாடக அரங்கைத் துப்புரவு செய்துவந்தார். ஞாயிறு காலைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில், எங்களிடம் வருவதற்குப் பெர்மிட்டை எதிர்பார்த்திருந்தார். எனக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆகவே அப்பா சொல்லச் சொல்ல அம்மாவுக்குக் கடிதம் எழுதும் உத்தியோகம் என்னுடையது. அங்கே அதை வாசித்துக் காட்டுவது பக்கத்து வீட்டு வாத்தியாரின் மனைவி, பதிலை எழுதித் தருவது வாத்தியார்.

அப்பாவின் கடிதங்கள் எனக்கு அலுத்துப்போயிருந்தன. நான் சுகம், இங்கே குளிர், கிணற்றுக் கயிற்றை மாற்று. அவ்வளவுதான்.

அந்த மாதம் அரங்கில் ஒரு பழைய ஒபரெட்டா நடந்தது. பேச்சும் பாட்டும் நடனமுமாக ஓடும் இசைநாடகம். ஒத்திகைகளில் கேட்டுக் கேட்டு மெட்டு அப்பாவுக்குப் பாடமாகிவிட்டது, சொல் தெரியாது. முனகிக்கொண்டே தரை துடைப்பார். ஒருநாள் கதிரைக்கடியில் கிடந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்து என்னிடம் தந்தார். அட்டையில் இசையமைத்தவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல், சொற்களை எழுதிய இருவரின் பெயர்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்தது. நானும் பெயரில்லாமல் சொல் எழுதும் அந்த இனம்தானே.

அடுத்த கடிதத்தில் கயிறுவரை எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் கதாநாயகனின் பாட்டைத் தமிழாக்கி நிரப்பினேன். "நீ இல்லாத ஊரில் விளக்குகள் எரிகின்றன, வெளிச்சம்தான் இல்லை. நாம் சேர்ந்து குடித்த கிண்ணத்தில் உன் உதடு இன்னும் இனிக்கிறது."

பதில் வர ஆறு கிழமை ஆனது. அரங்கில் வைத்தே அப்பாவுக்கு வாசித்தேன்.

"வாத்தியார் மனிசி சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சா. நான் உங்களோட எந்தக் கிண்ணத்தில குடிச்சனான்? உங்களோட குடிச்சவள் ஆர்? இனிப் பெர்மிட் வந்தாலும் நான் வரமாட்டன்."

அப்பா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "என்னடா எழுதினனீ?"

அழுதுகொண்டே பையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். அடி விழும் என்று நினைத்தேன்.

"தமிழில வாசி" என்றார்.

வாசித்தேன்.

"கிண்ணத்தை விடு. முதல் சொன்னதை இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். வெறும் கதிரைகளைப் பார்த்தபடி நின்றார்.

"இதை எழுதினவன் ஆர்?"

"ரெண்டு பேர், அப்பா."

"ரெண்டு பேரோ!" அந்தச் சின்ன எழுத்துகளின்மேல் ஈர விரலை வைத்தார். "அவையளின்ர மனிசிமாரும் தூரத்திலயோ?"

"தெரியாது, அப்பா."

கைகளைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "எழுது. வேற ஒருத்தியும் இல்லை. பெடியன் நாடகப் புத்தகத்தைப் பார்த்து எழுதிப்போட்டான். கிண்ணம் பொய்." நிமிர்ந்து அரங்கின் விளக்குகளைப் பார்த்தார். "விளக்கு பொய்யில்லை எண்டும் எழுது."

எழுதினேன். அடியில், சின்ன எழுத்தில், 'சொல்: மகன்' என்று போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், வெளிச்சம் வராத விளக்கு எது என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் எரிந்தன.