ஏசுஅடிமை சார் இருக்காங்களா?

செசிலி போனை எடுத்தவுடன் பேசமாட்டாள். விரலெல்லாம் செதிலாக இருப்பதால் புறங்கையால் பச்சைப் பொத்தானை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடி எதிர்முனையைக் கவனிப்பாள். சாளை மீன் வாங்க நிற்பவர்கள் அந்த நேரத்தில் விலை கேட்டால் பதில் வராது. மூன்று எண்ணும் நேரம்தான். அதற்குள் இஞ்சின் சத்தமோ, காற்றோ, நாலு ஆண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சலோ கேட்டால் அது அவளுக்கு வந்த போன். ஒன்றுமே கேட்காமல் கொஞ்ச நேரம் கழிந்து, ஒரு பெண் குரல் குழைந்துகொண்டு "வணக்கம், வாழ்த்துகள்" என்று தொடங்கினால் அது மற்றது.

"வாழ்த்தா? ஒனக்க வாழ்த்தக் கொண்டு ஒனக்க மொதலாளிக்க வாயில வையி. சவமே, கூறு வச்ச மீன விக்கவும் விடமாட்டியா?"

அது பதிவு செய்து வைத்த குரல், நீ திட்டுவது அதற்குக் கேட்காது என்று ஒருநாள் விளக்கினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்குக் கேக்கண்டாம் சாரே. எனக்குக் கேட்டாப் போரும்."

கருங்கல் சந்தையில் மீன் வரிசையில் மூன்றாவது இடம் அவளுடையது. விடிந்ததும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஏலம் பிடித்து, மற்ற பெண்களோடு டெம்போவில் ஏறி, எட்டு மணிக்குள் மீன் சருவத்தை இறக்கிவிடுவாள். நாற்பத்தெட்டு வயது. கழுத்தில் ஜெபமாலைக்குக் கீழே இன்னொரு கயிறு, அதில் பாலித்தீன் உறைக்குள் ஒரு பழைய பொத்தான் போன். தண்ணீரும் ஐஸும் மீன்குடலும் தெறித்துத் தெறித்து அந்த உறை வெளுத்துப்போயிருக்கிறது. மாதம் ஒருமுறை மாற்றுவாள். உறையை மாற்றும்போது போனைச் சேலைத் தலைப்பில் துடைத்து, சிலுவை போட்டு, புது உறைக்குள் நுழைப்பாள்.

நான் பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன், அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவன். தெரியாத எண் என்றால் எடுப்பதே இல்லை. இந்த நாட்டில் ஒரு மனிதன் தன்மானத்தோடு வாழ வேறு வழி இல்லை என்பது என் கருத்து. காலை ஏழு மணிக்குக் கடன் வேண்டுமா என்கிறான். ஏழேகாலுக்கு வீட்டுமனை. குளிக்கப் போனால் காப்பீடு, சோற்றில் கைவைத்தால் கிரெடிட் கார்டு. தெருவில் வந்து நின்று இப்படிக் கத்தினால் நாயை அவிழ்த்துவிடுவோம். போனில் வந்தால் "சாரி, இப்போது பிசி" என்று பல்லிளிக்கிறோம். இந்தப் பெருமையை எல்லாம் செசிலியிடம் அவிழ்த்தபோது அவள் அயிலையின் தலையை அரிந்துகொண்டே சொன்னாள்: "ஒங்களுக்குக் கடல்ல ஆளு இல்ல சாரே. ஒங்களுக்கு எடுக்காம இருக்கலாம்."

அவள் கணவர் ஏசுஅடிமை தங்கல் தொழிலுக்குப் போகிறவர். விசைப்படகில் பதினோரு பேர் ஏறினால் முப்பது நாள், நாற்பது நாள் கரை திரும்பமாட்டார்கள். சூறை மீனும் சுறாவும் எங்கே கிடக்கிறதோ அங்கே போவார்கள். மங்களூருக்கு வெளியே, ரத்னகிரிக்கு வெளியே, சில சமயம் குஜராத்துக்கே போய்விடுவார்கள். வழியில் எங்காவது கரைப்பக்கம் ஒதுங்கும்போது, டவர் கிடைக்கிற போன் யாரிடம் இருக்கிறதோ அவனிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குப் பேசுவார்கள். பக்கத்துப் படகுக்காரனின் எண், ஐஸ் கம்பெனிக்காரனின் எண், டீக்கடைக்காரனின் எண். ஒருமுறை வந்த எண் மறுமுறை வராது. ஒக்கிப் புயல் அடித்த வருஷத்துக்குப் பிறகு அந்தக் கரையில் எந்த வீட்டிலும் போன் ஒலிப்பதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க யாராலும் முடிவதில்லை.

பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் ஷிபா, அம்மா படும் பாட்டைப் பார்த்து ஒரு தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்தாள். தெரியாத எண்கள் வந்தால் சத்தமே போடாதபடி அதில் ஏதோ செய்தும் வைத்தாள். ஐந்து நாள் செசிலி நிம்மதியாக மீன் விற்றாள். ஆறாம் நாள் ஷிபாவே பெங்களூரிலிருந்து அழைத்து, அப்பா நேற்று இரண்டு முறை கூப்பிட்டாராம், நீ எடுக்கவில்லையாம், படகு திரும்பவும் கடலுக்குள்ளே போய்விட்டதாம் என்றாள். அதற்கடுத்த இருபத்திரண்டு நாளும் ஒரு தகவலும் இல்லை. செசிலி அந்த போனை மகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். "நல்ல சாதனந்தான் மக்கா. ஊமைக்குத்தான் கொள்ளாம்."

இதில் இன்னொரு கொடுமை உண்டு. சிம் வாங்கியது ஏசுஅடிமையின் ஆதாரில். எனவே கூப்பிடுகிற ஒவ்வொருவனும் அவர் பெயரைத்தான் கேட்கிறான். "ஏசுஅடிமை சார் இருக்காங்களா?" கணவனின் குரலுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள், அவளிடமே ஒரு நாளைக்கு எட்டுப் பேர் அவள் கணவனைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் அன்றன்றைய மனநிலைப்படி பதில் உண்டு. "கடல்ல கெடக்காரு. நீந்திப் போயிக் கேளு." "மீனு கிட்டினா தருவாரு, கையெழுத்துத் தரமாட்டாரு." ஒரு வீட்டுமனைக்காரன் கோயம்புத்தூரில் அருமையான இடம், சுற்றிலும் இயற்கை என்று விடாமல் பேசினான். செசிலி முழுவதும் கேட்டுவிட்டு, "அங்கன கடலு உண்டா?" என்றாள். இல்லை என்றான். "பின்ன எனக்க மாப்பிளயக் கொண்டு அங்கன என்ன செய்யப் போறிய? தென்னையில ஏத்தவா?"

இவன்களுக்கெல்லாம் எண் எப்படிக் கிடைத்தது என்பதற்கு அவளிடம் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் மகளுக்குச் சுரிதார் எடுத்தபோது, குலுக்கலில் குக்கர் விழும் என்று சீட்டில் பெயரும் எண்ணும் எழுதிப் போடச் சொன்னார்களாம். குக்கர் விழவில்லை. இவர்கள் வந்து விழுந்தார்கள். அந்தக் கடை வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டித் துப்புகிறாள். அந்தக் கடைக்காரன் குற்றவாளிதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒரு கடைக்காரன், ஏதோ ஒரு அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு யோக்கியன், இவளுடைய எண்ணைக் கருவாடு மாதிரி கட்டுக்கட்டாக விற்றிருக்கிறான். அவன் வீட்டு வாசல் வழியாகவும் யாராவது பஸ்ஸில் போகத்தான் வேண்டும்.

போன சித்திரையில் ஒரு போலீஸ்காரன் பேசினான். போலீஸ்காரன் என்று அவன்தான் சொன்னான். கனத்த குரல், பின்னணியில் வயர்லெஸ் சத்தம்கூட வைத்திருந்தான். ஏசுஅடிமையின் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, ஆளைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்றான். அன்றைக்கு ஏசுஅடிமை போய் முப்பத்துநாலு நாள். நான் எதிரில்தான் நின்றிருந்தேன். செசிலி கத்தியைக் கீழே வைத்தாள். "உயிரோட உண்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் தடுமாறி, உண்டு உண்டு, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்றான். "எடது கையில எத்தன வெரலு உண்டுன்னு பாத்துச் செல்லுங்க" என்றாள். ஐந்து என்றான் அந்த அறிவாளி. வலை இழுக்கும் விஞ்சில் கயிறு சுற்றி ஏசுஅடிமையின் ஒரு விரல் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. செசிலி பெருமூச்சு விட்டாள். அதில் ஆறுதலும் இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. "அப்பம் அவர நீயே வச்சுக்கோ. நேரத்துக்குச் சோறு கொடு, மீனு இல்லாம உண்ணமாட்டாரு" என்று சொல்லி வைத்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உயிரோடு உண்டுமா என்று கேட்ட முகத்தை நான் பார்த்துவிட்டேன். ஆளைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று ஒரு திருடன் சொன்னதே ஒரு நொடிக்கு அவளுக்கு நல்ல செய்தியாக இருந்தது. அந்தத் திருடன் கட்டையில் போக.

ஐப்பசியில் கடல் கெட்டது. படகுகளெல்லாம் பக்கத்துக் கரையில் ஏறிக்கொள்ளும்படி அறிவிப்பு வந்தது. கரை சேர்ந்த படகுகளின் பெயரைக் மாதா கோயில் மைக்கில் சாமியார் வாசித்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாளாகியும் ஏசுஅடிமை போன படகின் பெயர் வரவில்லை. வீட்டில் இருந்தால் வெப்ராளம் தாங்கவில்லை என்று செசிலி கருவாட்டைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டாள். பக்கத்து இடத்துக்காரி இசபெல்லின் தம்பி முந்தின நாளே கர்நாடகத்து மால்பேயில் கரையேறிவிட்டான். ஆனாலும் அவளும் சிரிக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஒவ்வொரு ஒலிக்கும் செசிலி கையிலிருந்த கருவாட்டைப் போட்டுவிட்டு போனைப் பிடித்தாள். கடன். அடுத்தது கார்டு. அடுத்தது உங்கள் சிம் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்துங்கள். அடுத்தது ஜாதகம். கத்தோலிக்கச்சியிடம் ராகு கேது. பதினோரு மணிக்குள் பதினான்கு. முதல் சிலவற்றுக்கு வழக்கம்போலக் காது கொடுத்தாள், பிறகு அந்தப் பொறுமையும் போயிற்று. எடுத்ததும் திட்டத் தொடங்கினாள்.

பதினைந்தாவதாக ஒரு ஆண் குரல். "ஹலோ? யேசுவடிமை? யேசுவடிமை கா கர்?"

"யேசுவடிமைக்குக் கடனும் வேண்டாம், கார்டும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம். இந்தியில வந்தா வாங்கிருவேன்னு நெனச்சியா? போலே சவமே." வைத்தாள். உடனே மறுபடி ஒலித்தது, அதே குரல். இந்தத் தடவை அவள் சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சிடமாட்டார்கள். வைத்துவிட்டு, கருவாட்டின் மேல் உட்கார்ந்த ஈயை ஓங்கி அடித்தாள்.

இசபெல்தான் கேட்டாள். "ஏட்டி செசிலி, லோனுக்காரன் திட்டு வாங்குன பெறவு ரெண்டாமதும் கூப்புடுவானா? அவன் அடுத்த நம்பருக்குல்லா போவான்."

செசிலி ஈயை விட்டுவிட்டுக் கழுத்துப் போனைப் பார்த்தாள்.

"அவனுக்கப் பெறகால கடலு எரைச்சலு கேட்டுச்சா?"

"நான் கவனிக்கல்லட்டி" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை. வருஷக்கணக்காக மூன்று எண்ணி எண்ணிக் கேட்ட காது, எண்ணவேண்டிய அன்று எண்ணவில்லை. அந்தப் பதினான்கு பேரும் சேர்ந்து அவளிடமிருந்து பறித்தது அதைத்தான்.

அவள் அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டாள். துண்டித்தான். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி துண்டித்தான். அவனும் மானம் ரோஷம் உள்ளவன்தானே. இப்போது அவனுக்கு இவள்தான் தெரியாத எண்.

நான் எண்ணை வாங்கி என் போனிலிருந்து அழைத்தேன். பட்டாளத்து இந்தி அன்றைக்குத்தான் உருப்படியான காரியத்துக்கு உதவியது. குஜராத்தில் வெராவல் துறைமுகத்தில் டீக்கடை வைத்திருப்பவன். மதராஸிப் படகு ஒன்று இப்போதுதான் கரையேறியது, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், நான்தான் ஒவ்வொருவர் வீட்டுக்கும் எண்ணைப் போட்டு, இன்னார் வீடுதானா என்று கேட்டுக் கொடுக்கிறேன், ஒரு வீட்டில் மட்டும் ஒரு பைத்தியக்காரி இருக்கிறாள் என்றான். பைத்தியக்காரி இல்லை, ஏசுஅடிமையின் பெண்டாட்டி, போனை அவனிடம் கொடு என்றேன்.

போனை நீட்டினேன். செசிலி கைகளைச் சேலையில் துடைத்துத் துடைத்து, அப்புறமும் துடைத்துவிட்டு வாங்கினாள். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "ஏட்டி, நாந்தான். எதுக்குட்டி ரெண்டு தடவயும் வச்ச?"

"பதினோரு பேரும் உண்டுமா?" என்றாள்.

"உண்டு. பதினோரு பேரும் உண்டு."

அவள் கழுத்துப் போன் ஒலிக்கத் தொடங்கியது. ஏதோ ஒரு எண். இசபெல் அவளைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். செசிலி என் போனைக் காதிலிருந்து எடுக்காமல், மற்றக் கையால் அந்தக் கயிற்றைத் தலைவழியே கழற்றினாள். உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து லேசாக எழுந்து, ஒலித்துக்கொண்டிருந்த போனைப் பலகையில் வைத்து, சேலையை ஒதுக்கிவிட்டு அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.