அந்த எண்ணெய் பாக்கெட் அப்பா எடுத்ததல்ல

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "அப்பாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதுக்கா" என்றான் தம்பி. எழுத உட்கார்ந்தால் எதை முதலில் சொல்வதென்றே விளங்கவில்லை.

அப்பா பிறந்தது தேவிகாபுரம். இளவயதிலேயே ஆரணிக்கு வந்து பட்டு நெய்து எங்களை ஆளாக்கினார். முழங்கால் வலியால் தறி மிதிக்க முடியாமல் போனதும் ஒரு மளிகைக் கடையில் வாசல் காவலுக்குச் சேர்ந்தார். வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய், பருப்பு, பூண்டு விலை ஏற ஏற அந்த வேலை அவரைப் படுத்தியெடுத்தது. "நல்ல குடும்பத்துப் பொம்பளைங்க பூண்ட முந்தானையில முடிஞ்சிகினு வராங்கம்மா. புடிக்கவும் கூச்சமா கீது, உடவும் பயமா கீது" என்று புலம்புவார். சிறுவயதில் பக்கத்து வீட்டு வெல்லக்கட்டியை நான் எடுத்ததற்கு முதுகுத்தோலை உரித்தவர் அவர்.

அவரைத்தான் போன ஐப்பசியில் திருடர் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். எங்கள் தெருப் பட்டு முதலாளி தீபாவளிக்கு நெசவாளர் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலத் துணிப்பை கொடுப்பார். அப்பா சாப்பாடு கொண்டுபோவதும் அதில்தான். அவர் நாற்காலிக்கு அடியில் இருந்த நீலப்பையில் பில் இல்லாத எண்ணெய் பாக்கெட்டும் துவரம்பருப்பும் கிடந்தனவாம். "யார் பை இது?" என்று கடைக்காரர் கேட்க, "என்னுதுதாங்க" என்றாராம்.

அம்மா அழுதார். நான் போனில் கத்தினேன். "ஏம்ப்பா மானத்த வாங்குறீங்க? கேட்டா நாங்க வாங்கித் தரமாட்டமா?"

"சரிம்மா. நீ சோறு துன்னியா?" என்றார். அவ்வளவுதான். அதன்பின் எந்தக் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை.

அவரைக் கிடத்தியிருந்த அன்று, நெசவு வீட்டுப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "அந்த எண்ணெ நான் எடுத்ததுக்கா. ஒரு மாசமா தறி நின்னுகினு கெடந்துச்சி. மாமா பையத் தொறக்கச் சொன்னாரு. பயத்துல என் நீலப்பைய அவரு காலாண்ட போட்டுட்டு ஓடிட்டேன். எல்லாருக்கும் சொல்லுங்கக்கா, அவரு பேரு கெடக்கூடாது." அந்தப் பெண்ணின் பெயரை அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

இப்போதுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேலை போன அன்று மாலை தன் சாப்பாட்டுப் பையோடுதான் அப்பா வீடு திரும்பினார். கடையில் பிடித்து வைத்தது வேறு பை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லையே!

தோள்கொடுத்த தெருக்காரர்களுக்கும், சமைத்துப் போட்ட சித்திக்கும், மாலை அனுப்பிய கடைக்காரருக்கும் நன்றி. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்வதா, இத்தனை நாள் எங்கே போனாய் என்று சண்டை போடுவதா, தெரியவில்லை. அப்பாவை மெச்சுவதா, கோபித்துக்கொள்வதா, அதுவும் தெரியவில்லை. ஒன்றுதான் தெரிகிறது. கடைக்காரராவது அது யார் பை என்று கேட்டார். பெற்ற பிள்ளைகள் நாங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.