அண்ணன் கட்டிக்கொடுத்த சமையல் மேடை

மல்லசமுத்திரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டலாம் என்று முடிவானபோது, நானாகப் பார்த்து வைத்திருந்த கான்ட்ராக்டர் திருச்செங்கோட்டுக்காரர். என்னோடு வேலை பார்க்கும் தோழியின் வீட்டைக் கட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். என்னை அடுப்பின் முன்னால் நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, முழங்கை உயரத்தை டேப் வைத்து அளந்தார்.

"உங்களுக்கு மேடையக் கொஞ்சம் தணிச்சுப் போடோணுங்க. இல்லீன்னா தோளு கழண்டு போயிரும்" என்றார்.

அதுவரை என்னை அளந்து யாரும் எதுவும் செய்ததில்லை, ரவிக்கையைத் தவிர. அவர் மேல் உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே விஷயம் என் கணவரின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. அக்காவின் வீட்டுக்காரர் சேலத்தில் கட்டட கான்ட்ராக்டர். முறைக்கு எனக்கு அண்ணன். போனில் கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, நான் ஒருத்தன் இருக்கறப்ப வெளியாளக் கூட்டியாந்து ஊட்டு வேலை செஞ்சா, பாக்கறவங்க என்னைய என்ன நெனைப்பாங்க?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்கண்ணா. உங்களுக்கு அங்கியே வேலை சரியா இருக்குமேன்னுதான்..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கவலைய உடு சாமி."

அவர் கெட்டவர் அல்ல. என் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தவர். அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மச்சாங்கிட்ட வேண்டாமுன்னு எப்பிடிப் புள்ள சொல்றது?" என்றார் கணவர். திருச்செங்கோட்டுக்காரரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அவர் "பரவால்லீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அண்ணனின் ஆட்கள் வந்து பழைய மேடையை ஒரே நாளில் இடித்துத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு ஆள் வரவில்லை. படுக்கையறையில் தையல் மெஷினை மூடி, அதன் மேல் அடுப்பை வைத்தேன். பாத்திரம் கழுவியது குளியலறையில். கடுகு தாளித்தால் தலையணை வரை வாசம். என் புடவைகளில் எதை எடுத்து உதறினாலும் ரசம் மணந்தது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்று தோசை ஊற்றும்போது, திரும்பினால் முட்டி இடிக்கும்.

நான் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டி கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு காட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கும் டிரைவரை போனிலேயே எழுப்பி, விரட்டி, வேலை வாங்குவேன். அதே போனில் அண்ணனைக் கூப்பிட்டால் என் குரல் தானாகக் குழைந்துவிடும்.

"ஆளுங்க எப்பங்கண்ணா வருவாங்க?"

"இங்க சேலத்துல, ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு டாக்டரூட்டு வேலை அம்மிணி. கூரை போட்டதும் நேரா உங்கூட்டுக்குத்தான். நாளைக்கே நான் வாரேன்."

அந்த நாளை வரவே இல்லை. வேறு ஆளை வைக்க முடியாது. சத்தம் போட முடியாது. போட்டால் அது சமையலறைச் சண்டையாக இருக்காது, நாத்தனார் குடும்பத்தோடு சண்டையாகிவிடும்.

கடைசியில் மழைக்காலம் தொடங்கும்போது வந்தார்கள். ஒருநாள் அலுவலகம் விட்டு வந்து பார்த்தேன். புது மேடை நின்றது. பக்கத்தில் போய் நின்றால் என் விலா வரைக்கும் இருந்தது.

"அண்ணா, ஒசரமா இருக்குதுங்களே."

அண்ணன் நெடுநெடுவென்று வளர்ந்தவர். மேடையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்று காட்டினார். அந்தக் கைகள் ஒரு நாளும் சுடுதண்ணீர் வைத்ததில்லை.

"சரியாத்தான இருக்குது? எல்லா ஊட்டுக்கும் இதே அளவுதான் போடறது."

"எனக்குக் கையெட்டாதுங்கண்ணா."

கணவர் அண்ணனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பழகிப் போயிரும் புள்ள" என்றார். மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது கிரானைட்டை ஒட்டிவிட்டார்கள்.

பால் காய்ச்சும் நாளில் நாத்தனார்தான் அடுப்பைப் பற்ற வைத்தார். அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். என்னைவிடவும் குள்ளம். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாததால் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. எல்லோரும் நல்ல சகுனம் என்று மகிழ்ந்தார்கள். ஆட்கள் கூடத்துக்குப் போனதும், துடைத்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்.

"காலுக்கடியில பலகை போட்டுக்க கண்ணு. பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், வழுக்கிரும். நான் உழுந்திருக்கறேன்."

முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தீக்காயத்தைக் காட்டினார். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை.

"உங்கூட்டுலயும் இதே ஒசரந்தானுங்களா?"

"பின்ன?"

"அண்ணங்கிட்டச் சொல்லலீங்களா நங்கையா?"

"சொன்னேன். குடி போன அன்னிக்கே சொன்னேன். எல்லா ஊட்டுக்கும் இதே அளவுதான்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? ரண்டு புள்ளைங்களுக்குக் கலியாணம் பண்ணிக் குடுத்துட்டேன்."

கூடத்திலிருந்து அண்ணன் காபி கேட்டார். நங்கையா எக்கி நின்று டிகாக்ஷனை ஊற்றினார். இத்தனை மாதமாக அவரையும் சேர்த்துத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மரக்கடையில் சொல்லி ஒரு நீளப் பலகை அறுத்து வாங்கினேன். அடுப்புக்கு ஏறுகிறேன், ஃபிரிட்ஜுக்கு இறங்குகிறேன். தோள் வலிக்கு இரவில் தைலம். கிரானைட் மட்டும் பளபளவென்றுதான் இருக்கிறது. தெருவில் யார் வந்து பார்த்தாலும் வேலை சுத்தம் என்கிறார்கள், அண்ணனுடைய நம்பரைக் கேட்கிறார்கள். கணவர் பக்கத்திலேயே நிற்கிறார். நான் கொடுக்கிறேன்.