அப்பன் கை

குணசேகரன் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். முப்பத்தோரு வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவர் படித்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். லேத் ஓட்டும் அப்பனும் காலேஜ் போகும் மகனும் ஒருநாள் காலையில் உடம்பு மாறி எழுந்திருக்கிற நாவல். இரண்டு மாதம் பிடித்தது. ஒரு வரி விடவில்லை.

அது சிரிப்புப் படமாக வந்து ஓடிக்கொண்டிருந்தது. படம் உசத்தியா, நாவல் உசத்தியா என்று பேச ஆவடி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தார்கள். சேக்காட்டு வீட்டிலிருந்து கிளம்பும்போதே, கூட வந்த மனைவி பஞ்சவர்ணம் ஆரம்பித்தாள்.

"கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்கோ பேசுற எடம். நீ இன்னாத்தய்யா பேசுவே?"

"படிச்சத பேசுவேன்."

"நீ படிச்சிகீறேன்னு எவன் நம்புவான்?"

அந்தச் சந்தேகம் அவருக்கும் இருந்தது.

கூட்டத்தை நடத்தியவர் சரவணக்குமார். திருநெல்வேலிக்காரர், ஐ.டி. வேலை. "படந்தான் டாப்பு. அந்த லேத் சீன் ஒண்ணு போதும்லா" என்றார். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிப்பது சக். அதை இறுக்கும் சாவியை எடுக்காமலே, அப்பன் உடம்பிலிருக்கும் மகன் மெஷினைப் போடுவான். சாவி பறந்துபோய் சூப்பர்வைசரின் டிபன் பாக்ஸைச் சப்பையாக்கும். எல்லோரும் நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

குணசேகரன் எழுந்தார். "புக்குல அப்டி இல்ல சார்."

"அண்ணே, நாவல் படிச்சிருக்கீங்களா?" சரவணக்குமார் கிண்டலாகக் கேட்கவில்லை. நம்பாமல் கேட்டார்.

"படிச்சேன். அந்தப் பையனுக்கு மெஷின பாத்தாலே நடுக்கம். மண்டைக்கு ஒண்ணும் தெரியல. ஆனா சுவிட்சு பக்கம் போறதுக்கு மின்னாடி, கை தானா போயி சாவிய கழட்டி தட்டுல வெக்கிது. அது அப்பன் கை சார். பையன் புதுசு, கை பழசு. முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு வாட்டிகூட சாவிய மறந்ததில்ல. சிரிக்கவெக்க அந்தக் கைய முட்டாளாக்கிட்டாங்கோ. தொண்ணூத்தி நாலாம் பக்கம், கடைசி பாரா. பாருங்கோ."

சரவணக்குமார் கையிலிருந்த நாவலைப் புரட்டினார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"நான் இத சரியா படிக்காம ஓட்டிட்டுப் போயிருக்கேன் அண்ணே" என்றார்.

யாரோ கை தட்டினார்கள். குணசேகரன் உட்காரவில்லை. "இன்னும் ரெண்டு எடம் கீது. சொல்லட்டா?"

பின்வரிசையில் பஞ்சவர்ணம் முன்னால் இருந்த பெண்ணின் தோளைத் தட்டினாள். "கொஞ்சம் தள்ளிக்கமா. பேசறது எங்க ஊட்டுக்காரரு. மறைக்கிது."