செங்கோட்டை வானத்தில் அன்று தெரிந்தது

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பந்தி முடிந்து, ஊருக்குப் போகிற பஸ்ஸில் இதைப் பிரித்துப் படித்தால் போதும். ஆனால் படிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். எல்லாருக்கும் சொல்ல வேண்டிய ஒரு செய்தி இதில் இருக்கிறது. வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. "பெரியம்மாவப் பத்தி நீங்களே எழுதுங்கம்மா, ரெண்டு பக்கம் போதும்" என்று என் மகன் சொன்னான். அவன்தான் அக்காவுக்குக் கொள்ளி வைத்தவன். வீட்டில் நான் அக்காவை வா, போ என்றுதான் பேசுவேன். சண்டை வந்தால் அதற்கும் கீழே இறங்குவேன். மலருக்காக மரியாதையாக எழுதுகிறேன். அக்கா பார்த்தால் சிரிப்பார்.

அக்கா பிறந்தது செங்கோட்டையில், அந்த ஊர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டு பெண்கள். எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அம்மா எப்போதும் சீக்காளி என்பதால் எனக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது எல்லாம் அக்காதான். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தார். நல்ல கணீர்க் குரல். பதினேழு வயதில் தென்காசியிலிருந்து ஒரு நல்ல இடம் தேடி வந்தது.

1963, கார்த்திகை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நிச்சயதாம்பூலத் தட்டு மாற்ற மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலமே வந்துவிட்டார்கள். புனலூரிலிருந்து எங்கள் தாய்மாமன் வர வேண்டிய ரயில் தாமதம். மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எட்டு வயது. மாமா வருகிறாரா என்று பார்க்க வாசலுக்கும் வீட்டுக்கும் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். மலைக்கு மேலே, நல்ல உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகை தெரிந்தது. மேகம் இல்லை. மேகம் அப்படி ஒளிராது. சிலேட்டில் கிறுக்கிய கோடு மாதிரி வளைந்து வளைந்து, பார்க்கப் பார்க்க அகலமாகிக்கொண்டே போனது. எனக்குப் பயமே வரவில்லை, அவ்வளவு அழகு. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"எல்லாரும் ஓடியாங்க! வானத்துல தீப்பிடிச்சிட்டு!"

'அழகா இருக்கு, வந்து பாருங்க' என்று கத்தியிருக்கலாம். என் வாயில் தீ என்றுதான் வந்தது.

எல்லாரும் வெளியே வந்தார்கள். முந்தின ஆண்டுதான் எட்டுக் கிரகமும் ஒன்று சேர்கிறது, உலகம் அழியப் போகிறது என்று ஊரே நடுங்கிப்போய் இருந்தது. அந்த நடுக்கம் இன்னும் தெளிந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கல்யாணம்ங்கிறது ஆயிரங்காலத்துப் பயிரு. நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுக்கு மேல இப்படியா எரியும்? இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. இன்னொரு நாள் பாத்துக்கிடுவோம்."

"மாமன் வந்துட்டா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும், கொஞ்சம் பொறுங்க" என்று அப்பா கெஞ்சினார். எங்கள் வீட்டார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டுச் சேலையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக நிலைப்படியில் நின்ற அக்கா மட்டும், மாப்பிள்ளை வீட்டார் செருப்பு மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போய் அரை மணி நேரம் கழித்து மாமா வந்தார், கை நிறைய நேந்திரங்காய் வறுவலோடு. விசேஷத்துக்கு வாங்கி வந்தது. அந்த வாரம் முழுக்க அதைத் தின்றது நான்தான். அத்தை சொன்ன இன்னொரு நாள் வரவே இல்லை.

மறுநாள் பத்திரிகைகளில் உண்மை வந்திருக்கும். எங்கள் வீட்டில் பத்திரிகை வாங்குகிற பழக்கம் இல்லை. வால் வெள்ளி என்றார்கள், சண்டை வரப்போகிறது என்றார்கள். எங்கள் வீட்டை 'வானம் எரிஞ்ச வீடு' என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வந்த இடமெல்லாம் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா வாசலுக்கே வரமாட்டார்.

அம்மா இறந்தபின் நாங்கள் மேலகரத்துக்குக் குடிவந்தோம். அக்காவுக்குத் தென்காசித் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. காதில் ஹெட்போன், கையில் பிளக், எதிரே துளை துளையாகப் பலகை. குற்றாலம் சீசனில் குளிக்க வந்தவர்களெல்லாம் வரிசையில் நின்று ஊருக்கு மூன்று நிமிடக் கணக்கில் டிரங்க் கால் போடுவார்கள். வளைகுடாவுக்குப் போன வீட்டுக்காரர்களின் குரலுக்காகப் பெண்கள் காத்துக் கிடப்பார்கள். ஊரில் பாதிப் பேரைப் பேச வைத்துவிட்டு, அக்கா வீட்டுக்கு வந்து அப்பாவைத் தவிரப் பேச ஆளில்லாமல் சோறு வடிப்பார். நான் அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் எனக்கு உண்மை தெரிந்தது. இயற்பியல் வகுப்பில் பேராசிரியை ஒருநாள் சொன்னார்: நம் மண்ணிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலிருந்து 1963 நவம்பரில் ஒரு மாலை நேரம் ஏவப்பட்டது, மேலே போய் அது சோடியம் ஆவியைக் கக்கியது, அந்த ஆரஞ்சு மேகம் மலைக்கு இந்தப் பக்கமும் தெரிந்தது. ஒரு தேசமே விண்வெளிக்குள் முதல் அடி எடுத்து வைத்ததை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்ததைத் தீ என்று சொல்லி அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்திருக்கிறேன்.

அந்த விடுமுறையில் ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வந்தேன். வந்த இடத்தில் எனக்குச் சென்னை மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர்களுக்குத் தை மாதமே கல்யாணம் முடிய வேண்டும். அதே வாரம் அக்காவுக்கும் ஒரு இடம் வந்தது. அச்சன்புதூர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார். டிரங்க் கால் பேச வந்து வந்து அக்காவின் குரலை அறிந்தவர். அவருடைய தாயார் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "அந்த வானம் எரிஞ்ச கதை என்னன்னு ஒங்க வீட்டு ஆளு ஒருத்தர் தெளிவா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." அப்பா கையைப் பிசைந்தார், அவருக்கு என்ன தெரியும். மூத்தவளுக்கு முடிந்தால் இளையவளுக்குத் தள்ளிப்போகும். சென்னைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தோம். அக்கா என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏட்டி, அன்னைக்கு நீதான முதல்ல பாத்தே. அது என்னதுன்னு நெனைக்கே?"

அருவிச் சத்தத்தில் காதில் விழாதது மாதிரி நின்றேன். மறுபடியும் கேட்டார்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் சின்னப் பிள்ளல்லா" என்றேன்.

அக்கா தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்ததும், "எனக்கு வேண்டாம்ப்பா, அவளுக்குப் பாருங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். தை மாதம் என் கல்யாணம் நடந்தது. மணமேடையில் எனக்குப் பின்னால் நின்று மாலையைச் சரிசெய்தது அக்காதான். அச்சன்புதூர் வாத்தியார் வேறு இடத்தில் மணம் முடித்து, நன்றாக வாழ்ந்து, சில ஆண்டுகளுக்கு முன் காலமானார் என்று கேள்வி.

அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர் அக்கா. என் இரண்டு பிரசவத்துக்கும் லீவு போட்டுவிட்டு சென்னைக்கு வந்தார். என் மகனுக்கு விளாம்பழம் பிடிக்கும் என்று பார்சல் அனுப்புவார். ஓய்வு பெற்றபின் மேலகரம் வீட்டில் தனியாகவே இருந்தார். "எங்கூட வந்து இருக்கா" என்று நான் கூப்பிடும்போதெல்லாம், "அங்கன வந்து எந்த அருவியிலட்டி குளிக்க?" என்பார்.

2023 ஆகஸ்ட் 23, சந்திரயான் நிலாவில் இறங்கிய நாள். என் கணவர் போய் நாலு வருஷம். மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்பவில்லை. சென்னையில் பத்தாவது மாடியில் நான் ஒற்றை ஆளாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கு அக்கா போன் செய்தார்.

"டிவியப் போட்டியா? போன வைக்காத. ஒண்ணா பாப்போம்."

வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவர், அன்று தனக்கென்று ஒரு லைனைப் பிடித்து வைத்துக்கொண்டார். அதிகம் பேசவில்லை. அந்தப் பக்கம் தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை, "அந்தப் பொம்பளப் பிள்ளைகளப் பாரேன். சேலை கட்டிக்கிட்டு எவ்வளவு நிதானமா உக்காந்திருக்கு" என்றார். ஆறு மணி தாண்டியது. டிவியில் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கத்தினேன்.

"இறங்கிட்டுக்கா! இறங்கிட்டு!"

"இங்க இன்னும் இறங்கலியேட்டி..."

அக்கா வீட்டு டிவியில் படம் சில நொடி பிந்தி வந்தது. கொஞ்சம் கழித்துத்தான் போன் வழியாக அங்கே கைதட்டல் கேட்டது. அக்கா சிரித்தார்.

"இந்தத் தடவையும் நீதாம்ட்டி முதல்ல கத்துனே."

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். அக்கா நிதானமாகச் சொன்னார்.

"அது தும்பாவுல விட்ட ராக்கெட்டுல்லா. எனக்குத் தெரியும். வேலைக்குச் சேந்த புதுசுலயே திருவனந்தபுரத்து ஆபரேட்டர் ஒருத்தி சொன்னா. அவ வீட்டுல எல்லாரும் மாடியில நின்னு கைதட்டுனாங்களாம்."

"தெரிஞ்சிருந்தா, பின்ன ஏங்க்கா ஐந்தருவியில வச்சு என்கிட்ட கேட்டே?"

"எங் கல்யாணத்துக்கு நானே எப்படிட்டி வக்காலத்து வாங்குவேன்? வீட்டு ஆளு ஒருத்தர் சொல்லணும்லா. நீ படிச்சவ, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன். எட்டு வயசுல ஊரையே கூப்பிட்ட வாயி, அன்னைக்குப் பாத்து அடைச்சிட்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னார். 'தெரியும்க்கா, தெரிஞ்சுதான் மறைச்சேன்' என்று நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"சரியாக் கேக்கலக்கா, லைன் விட்டு விட்டு வருது" என்றேன்.

ஆயுள் முழுக்க லைன் பார்த்தவர். "லைன் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "சரி, வைக்கேன். மாடிக்குப் போயி நிலாவப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

விளக்கு வைக்கிற நேரம் அது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "ஒரே மேகம், ஒண்ணும் தெரியல. இருக்கட்டும், அங்கனதான இருக்கும், எங்க போயிரப் போகுது."

அதன்பின் அந்தப் பேச்சை அக்கா எடுக்கவே இல்லை. போன ஆண்டு மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டு நாள் பக்கத்தில் இருந்தேன். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நர்ஸ் வந்தார், அல்லது வந்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். "மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காதட்டி, போயி ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார். குடித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார். இப்போது எனக்குப் போன் செய்ய யாரும் இல்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், எட்டு நாளும் எனக்குச் சோறு கொண்டுவந்த அவர் மனைவிக்கும், நரைத்த தலையோடு வந்து நின்ற தொலைபேசி நிலையத் தோழியருக்கும் நன்றி. கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து, "மூணு நிமிசம் ஆயிட்டுன்னு ஒரு நாளும் என் பேச்ச வெட்டி விட்டதில்லம்மா" என்று அழுத, பெயர் கேட்க மறந்துவிட்ட அந்த அம்மாவுக்கும் நன்றி.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அக்கா இறந்த அன்று பந்தலில், "வானம் எரிஞ்ச அன்னைக்கே அவ விதி எழுதியாச்சு" என்று நம் சொந்தத்தில் ஒருவர் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. அவரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

அச்சன்புதூர்க்காரர்கள் கேட்டது எங்கள் வீட்டு ஆள் ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தை. அந்த வீட்டில் இன்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். ஆகவே சொல்கிறேன். அன்று செங்கோட்டை வானத்தில் தெரிந்தது ராக்கெட் புகை. எங்கள் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை.